வீட்டுக்குள் ஓசோன்: வாசகர் கேள்வி – பதில்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று இப்போது மூன்றாகப் பிரிந்திருக்கும் பழைய வேலூர் மாவட்டத்து ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில், ஓசோன் பற்றியவற்றை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

கே: என் மகனுக்கு ஒன்பது வயது. இளைப்பு உண்டு. தூசுக்கு நல்லது என்று உறவினர் ஒருவர் காற்றைச் சுத்தம் செய்யும் மெஷின் வாங்கித் தந்தார். ஃபில்டர் எதுவும் இல்லை, அயனி வெளிவிடுமாம். போட்ட பத்து நிமிடத்தில், இடி இடித்து மழை பெய்த பின் வருவது போல ஒரு வாசம் வருகிறது. அறை சுத்தமானது போலத்தான் இருக்கிறது. ஆனால் பிள்ளைக்கு இரவில் இருமல் கூடிவிட்டது. தொடர்ந்து போடலாமா?
— சத்துவாச்சாரி வாசகி

ப: வேண்டாம் அம்மா. இன்றைக்கே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

நீங்கள் முகர்ந்த அந்த வாசம்தான் ஓசோன். மின்னல் வெட்டும்போது காற்றில் உண்டாவதும் அதுவே. 1839-ல் பாசல் நகரத்து வேதியியலாளர் ஷோன்பைன், தண்ணீரில் மின்சாரம் செலுத்தியபோது எழுந்த வாசத்தைக் கவனித்து, மணப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்குப் பெயர் வைத்தார். நூறு கோடிப் பங்கு காற்றில் பத்து இருபது பங்கு இருந்தாலே மூக்கு கண்டுகொள்ளும். ஆனால் சிறிது நேரத்தில் மூக்குக்குப் பழகிவிடும். வாசம் போய்விட்டது என்பதால் ஓசோன் போய்விட்டது என்று எண்ணிவிடக் கூடாது.

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜனில் இரண்டு அணுக்கள். ஓசோனில் மூன்று. அந்த மூன்றாவது அணு எதிர்ப்பட்டதோடு எல்லாம் ஒட்டிக்கொண்டு அதை எரித்துவிடத் துடிக்கும். அம்மோனியா போன்ற வாயு தண்ணீரில் சட்டென்று கரைவதால் மூக்கிலும் தொண்டையிலுமே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஓசோன் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. அதனால் நுரையீரலின் அடி ஆழம் வரை போய், அங்குள்ள மெல்லிய ஈரப்படலத்தை அரிக்கிறது. வறட்டு இருமல், ஆழ மூச்செடுத்தால் மார்பில் வலி, இளைப்புக்காரர்களுக்கு மூச்சுக்குழாய் சுருங்குவது என்று அடுத்தடுத்து வரும். ஓடியாடும் பிள்ளைகள் நிறைய மூச்சு இழுப்பதால் அவர்களுக்குள் போகும் அளவும் கூடுகிறது.

மெஷினில் ஓசோன் எப்படி வருகிறது? ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலையில், அனல்மின் நிலையப் புகைபோக்கிகளுக்கு எலக்ட்ரோஸ்டாடிக் பிரிசிபிடேட்டர் செய்கிறார்கள். உயர் மின்னழுத்தக் கம்பியைச் சுற்றிக் காற்று அயனியாகி, சாம்பல் துகளுக்கு மின்னேற்றம் தந்து, அதைத் தகட்டில் ஒட்டவைக்கும். உங்கள் வீட்டு மெஷினிலும் இதே தத்துவம்தான். புகைபோக்கி திறந்த வானத்தில் இருக்கிறது, உங்கள் மெஷினோ பிள்ளையின் தலைமாட்டில் இருக்கிறது. உயர் மின்னழுத்தம் காற்றைக் கிழிக்கும் இடத்தில் எல்லாம் கொஞ்சமாவது ஓசோன் பிறக்கும். போதாக்குறைக்கு, உங்கள் மெஷினில் தூசைப் பிடித்து வைக்கத் தகடும் இல்லை, ஃபில்டரும் இல்லை. மின்னேறிய தூசு சுவரிலும் தலையணையிலும்தான் போய் ஒட்டும். மெஷினுக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் படிந்திருக்கிறதா பாருங்கள்.

மாற்று வாங்குவதானால் ஹெப்பா ஃபில்டர் (மிக நுண்ணிய தூசையும் பிடிக்கும் ஃபில்டர்) உள்ளதாக, அயனைசர் இல்லாததாக, இருந்தாலும் தனி பட்டனில் அணைக்கக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள். அட்டைப்பெட்டியில் ‘ஆக்டிவேட்டட் ஆக்சிஜன்’, ‘பிளாஸ்மா’, ‘எனர்ஜைஸ்டு ஆக்சிஜன்’ என்று இருந்தால் நிறுத்திக் கேள்வி கேளுங்கள். யு.எல். 2998 என்ற சான்று இருந்தால், அது வெளிவிடும் ஓசோன் கணக்கில் எடுக்க வேண்டாத அளவு என்று பொருள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2010 முதல், காற்றைச் சுத்தம் செய்யும் வீட்டு மெஷின் எதுவும் 0.05 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கு காற்றில் 0.05 பங்கு) மேல் ஓசோன் உண்டாக்கக் கூடாது என்று விற்பனைக்கே விதி வைத்திருக்கிறது. யு.வி. விளக்கு உள்ள மெஷின் என்றால் அலைநீளத்தைக் கேளுங்கள். 254 நானோமீட்டர் ஓசோன் உண்டாக்காது, 185 உண்டாக்கும்.

அணைத்த பிறகு கவலை வேண்டாம். சாதாரண அறையில் ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஓசோன் பாதியாகக் குறைந்துகொண்டே வரும். பிள்ளைக்கு மருத்துவர் தந்த இன்ஹேலரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கே: காய்கறியில் உள்ள பூச்சிமருந்தை நீக்க ஓசோன் மெஷின் வாங்கினோம். மணிக்கு 400 மில்லிகிராம் என்று போட்டிருக்கிறது. பாத்திரத்துத் தண்ணீரில் குழாயைப் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிடுகிறோம். அந்த நேரத்தில் கண் எரிகிறது. அடுப்பங்கரை எட்டுக்கு எட்டு அடி.
— காந்தி நகர், காட்பாடி

ப: கண் எரிவதே போதுமான பதில். இருந்தாலும் கணக்கைப் பார்த்துவிடுவோம். பத்து நிமிடத்தில் பிறப்பது சுமார் 67 மில்லிகிராம். வீட்டு மெஷினின் குமிழிகள் பெரியவை, தண்ணீரும் ஆழம் கிடையாது. பாதி தண்ணீரில் நின்றது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் மீதிப் பாதி அறைக்குள் வந்துவிடும். பத்தடி உயரம் என்றால் உங்கள் அடுப்பங்கரை 18 கன மீட்டர். சுவரிலும் பொருட்களிலும் பட்டு அழிவது, கதவிடுக்கில் வெளியேறுவது எல்லாவற்றையும் கழித்தபின், பத்தாவது நிமிடத்தில் கன மீட்டருக்கு ஆயிரம் மைக்ரோகிராமைத் தாண்டும். நம் நாட்டில் 2009-ல் அறிவித்த தேசியக் காற்றுத் தர அளவு, வெளிக்காற்றில் ஒரு மணி நேரச் சராசரிக்கு 180, எட்டு மணி நேரத்துக்கு 100. உலக சுகாதார அமைப்பும் எட்டு மணி நேரத்துக்கு அதே 100 என்கிறது. நீங்கள் அணைத்த பிறகும் ஜன்னல் மூடியிருந்தால், அந்த நூறுக்கு இறங்க ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும்.

அதற்குப் பலன் உண்டா என்றால், தோலின் மேல் உள்ள சில மருந்துகளை ஓசோன் உடைக்கும். உள்ளே இறங்கியதைத் தொடாது. இலவம்பாடி முள்கத்தரிக்காயைக் குழாயடியில் கையால் தேய்த்து இரண்டு மூன்று தண்ணீரில் அலசிக் காம்பைக் கிள்ளிப் போடுங்கள். கீரையை வாயகன்ற பாத்திரத்தில் மூழ்கவிட்டு, மண் அடியில் தங்கியபின் மேலாக அள்ளுங்கள். மெஷினை விட மனமில்லை என்றால் மொட்டை மாடியிலோ பின்கட்டிலோ வைத்து, மூடி போட்டு ஓடவிட்டு, தள்ளி நில்லுங்கள்.

கே: என்-95 முகக்கவசம் ஓசோனைத் தடுக்குமா?
— பேரணாம்பட்டு

ப: தடுக்காது. அது துகளுக்கானது. ஓசோன் வாயு.

கே: கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். 8-க்கு 10 அடி, மூன்று மெஷின். கண்ணாடிக் கதவு போட்டு ஸ்பிளிட் ஏசி மாட்டிய பிறகு, மாலையில் தலைவலியும் தொண்டைக் கரகரப்பும். ஏசி ஒத்துக்கொள்ளவில்லையா?

ப: ஏசியின் மேல் பழி இல்லை. கதவை மூடியதுதான் காரணம். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை, இருக்கிற காற்றையே சுழற்றிக் குளிர வைக்கிறது. ஜெராக்ஸ் மெஷினில் பிறக்கும் ஓசோன், முன்பு ஷட்டர் திறந்திருந்ததால் ரோட்டுக்குப் போய்விட்டது; இப்போது உங்களோடு தங்குகிறது.

முதலில் மூன்று மெஷினில் எது பழையது என்று பாருங்கள். பழைய மாடல்களில் டிரம்முக்கு (படம் பதியும் உருளைக்கு) மின்னேற்றம் தர, கரோனா வயர் என்ற உயர் மின்னழுத்தக் கம்பி இருக்கும். எதிர்மின்னேற்றம் தரும் வயர், நேர்மின்னேற்ற வயரைவிடப் பல மடங்கு ஓசோன் உண்டாக்கும். புதிய மாடல்களில் வயருக்குப் பதில் டிரம்மைத் தொட்டுக்கொண்டே சுழலும் சார்ஜ் ரோலர். அதில் ஓசோன் மிகவும் குறைவு. அதிக காப்பி எடுக்கும் வேலையை ரோலர் மெஷினுக்கு மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

வயர் மெஷினில் ஓசோன் ஃபில்டர் என்று ஒரு கரி ஃபில்டர், வெளியேற்றும் ஃபேனுக்கு முன் இருக்கும். கம்பெனி கையேட்டில் இத்தனை ஆயிரம் காப்பிக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று மீட்டர் எண் இருக்கும். நிறைய கடைகளில் அது முதல் நாள் போட்டபடியே தூசடைந்து கிடக்கிறது. ஃபில்டர் விலையைப் பார்த்துக் கழற்றி எறிந்துவிடுகிறவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வயரில் டோனர் படிந்தாலும் மின்வெடிப்பு சீராக இல்லாமல் ஓசோன் கூடும். காப்பியில் நெடுக்காகக் கோடு விழுவது அதன் அடையாளம். சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, வயரோடு வரும் கிளீனர் பிடியை நான்கைந்து முறை முன்னும் பின்னும் இழுத்துவிடுங்கள். பிடி இல்லாத மாடல் என்றால் சர்வீஸ்காரரிடம் விடுங்கள். வாயால் ஊதினால் டோனர் மூக்குக்குள் போகும்.

அடுத்தது காற்றோட்டம். மெஷினின் காற்று வெளிவரும் பக்கம் உங்கள் நாற்காலியைப் பார்த்து இருக்கக் கூடாது. சுவருக்கும் மெஷினுக்கும் நடுவே அரை அடியாவது விடுங்கள். அந்தப் பக்கச் சுவரில் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு, எதிர்ப்பக்கம் கதவின் அடியில் காற்று நுழைய வழி வையுங்கள். வழி இல்லாமல் ஃபேன் மட்டும் ஓடினால் அது சும்மா சுற்றும், இழுக்காது. கரண்ட் பில் கொஞ்சம் ஏறும். பரவாயில்லை, பகல் முழுக்க அங்கே உட்காருவது நீங்கள்தான்.

கே: ஆஸ்பத்திரிக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்கு அறை விடும் லாட்ஜ் நடத்துகிறோம். ஆள் காலி செய்த பின் மருந்து வாடை, சமையல் வாடை போக, மணிக்கு 5 கிராம் ஓசோன் மெஷினை அரை மணி வைத்துவிட்டு அடுத்தவருக்கு விடுகிறோம். கிருமியும் செத்துவிடும் என்று விற்றவர் சொன்னார்.
— வேலூர்

ப: இதை உடனே நிறுத்துங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம். உங்கள் அறையில் தங்குபவர்கள் ஊர்விட்டு ஊர் வைத்தியத்துக்கு வந்தவர்கள். நுரையீரல் ஏற்கெனவே நொந்தவர்களும் அவர்களில் இருப்பார்கள்.

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, பத்தடி உயரம், 34 கன மீட்டர். மூடிய அறையில் 5 கிராம் மெஷின் அரை மணிக்குள் 10 பிபிஎம்மைத் தாண்டிவிடும். அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் ‘உயிருக்கு உடனடி ஆபத்து’ என்று வகுத்திருப்பது 5 பிபிஎம். கிருமியைக் கொல்லும் அளவு ஓசோன் வைத்தால் மனிதருக்குத் தாங்காது, மனிதருக்குத் தாங்கும் அளவு வைத்தால் கிருமி சாகாது. இரண்டுக்கும் நடுவே பத்திரமான ஓர் அளவு கிடையாது. கதவடி இடைவெளி, பாத்ரூம் வென்டிலேட்டர் வழியாக அது பக்கத்து அறைக்கும் போகிறது. அங்கே ஆள் இருக்கிறார்.

வாடை எங்கே தங்கியிருக்கிறதோ அங்கே கை வையுங்கள். ஏசியின் வலை ஃபில்டரை வாரம் ஒருமுறை கழுவி, தண்ணீர்த் தட்டைச் சுத்தம் செய்யுங்கள். பாதி வாடை அங்கிருந்துதான் வரும். திரைச்சீலை, தலையணை உறை சோப்பில். மெத்தை வேலூர் வெயிலில் இரண்டு மணி நேரம். சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சலவை சோடா கரைத்த வெந்நீரில் துடையுங்கள். ஜன்னலைத் திறந்து ஃபேனை முழு வேகத்தில் விடுங்கள். இதற்கு ஒரு ஆளின் ஒரு மணி நேர வேலை ஆகும். அந்தக் கூலியைக் கொடுப்பதுதான் சரி.

கே: தோல் ஷாப் வாடைக்கு ஓசோன் மெஷின் நல்லது என்கிறார்களே?
— வாணியம்பாடி

ப: தோல் பதனிடும் இடத்து அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு. காற்றில் ஓசோன் அதோடு வினைபுரிவது மிக மெதுவாகத்தான். வாடை குறைந்தது போலத் தோன்றுவது, ஓசோன் வாடை அதை அமுக்குவதாலும் மூக்கு மரத்துப்போவதாலும். வாடை வீசும் திசை ஜன்னலை அந்த நேரத்துக்கு மூடுங்கள். மெஷின் வைப்பதானால் கிலோ கணக்கில் கரி போட்ட ஃபில்டர் உள்ளதாக இருக்கட்டும். கரித்தூள் தடவிய மெல்லிய துணி ஃபில்டர் சில வாரத்தில் ஓய்ந்துவிடும்.

கே: கோடையில் மதியம் ஜன்னலைத் திறந்து வைப்பதா, மூடுவதா? எங்கள் தெருவில் ஃபேக்டரி இல்லை. மெஷினும் எங்கள் வீட்டில் இல்லை.
— ஆற்காடு

ப: மெஷின் இல்லாத வீட்டிலும் ஓசோன் உண்டு. அது வெளியிலிருந்து வருகிறது. வாகனப் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடும், பெட்ரோல், பெயின்ட் ஆவியும் வெயிலில் காய்ந்து ஓசோனாகின்றன. வெயில் ஏற ஏற ஏறும். பகல் பன்னிரண்டிலிருந்து நான்கு மணி வரை உச்சம், பொழுது சாய்ந்தால் இறங்கும். இன்னொன்று பலருக்கு வியப்பாக இருக்கும். நெரிசலான ரோட்டு ஓரத்தில், புதிதாக வெளிவரும் புகையே ஓசோனைத் தின்றுவிடும். காற்றோடு தள்ளிப்போன ஊரிலும் வயல்வெளியிலும்தான் அளவு கூடும். ஃபேக்டரி இல்லாத தெரு என்பதால் தப்பித்தோம் என்று இருக்க முடியாது.

ஜன்னல் எல்லாம் திறந்திருந்தால் வெளியில் இருப்பதில் முக்கால்வாசி உள்ளே இருக்கும். மூடினால் கால்வாசி அளவுக்கு இறங்கும். ஆகவே நம் பெரியவர்கள் சூட்டுக்காகச் செய்ததே இதற்கும் பொருந்துகிறது: விடியற்காலையும் மாலை ஆறுக்கு மேலும் திறங்கள், பதினோரு மணியிலிருந்து ஐந்து வரை மூடுங்கள். காலையில் யாராவது குப்பையைக் கொளுத்தினால் மட்டும் அந்த நேரம் மூடிவிட்டு, புகை அடங்கிய பின் திறங்கள்.

மூடிய வீட்டில் குறையும் ஓசோன் எங்கே போகிறது? மறைந்து போவதில்லை, வேறொன்றாக மாறுகிறது. நாம் கவலைப்படுவது இதற்காகத்தான். எலுமிச்சை மணம் தருவது லிமோனீன். வெள்ளைப் பினாயிலில் இருப்பது பைன் எண்ணெய். இரண்டையும் ஓசோன் கண்டால் விடாது. ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயுவும், ஹெப்பா இல்லாமல் பிடிக்க முடியாத மிக நுண்ணிய துகள்களும் அங்கே பிறக்கும். நம் தோலில் ஊறும் எண்ணெயோடும் அது வினைபுரியும். அடுப்பங்கரைச் சுவரில் படிந்த நல்லெண்ணெய், கடலை எண்ணெய்ப் பிசுக்கோடும் புரியும். சிக்கு வாடைக்கு அது ஒரு காரணம். தேங்காய் எண்ணெயில் அதற்குப் பிடி குறைவு.

அதனால் வீடு துடைப்பதைக் காலை எட்டு மணிக்குள் முடியுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். மதியம் துடைக்க நேர்ந்தால் வெறும் தண்ணீரோ மணமில்லாத சோப்புத் தண்ணீரோ போதும். ஒரு வாளிக்கு ஒரு மூடி பினாயில் என்று பாட்டிலில் போட்டிருந்தால் ஒரு மூடிதான். கூட ஊற்றினால் தரை கூடுதலாகச் சுத்தமாகாது. செருகி வைக்கும் ரூம் ஃப்ரெஷ்னரை அயனைசர் ஓடும் அறையில் வைக்கவே கூடாது.

கே: பள்ளியில் பிள்ளைகளைக் கொண்டு ஓசோனைச் சோதித்துக் காட்ட முடியுமா? செலவு குறைவாக இருக்க வேண்டும்.
— குடியாத்தம் ஆசிரியை

ப: நிச்சயமாக முடியும். ஷோன்பைன் தாமே வகுத்த காகிதச் சோதனை இருக்கிறது. 100 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீரில் 5 கிராம் சோளமாவைக் கரைத்து, கண்ணாடி போல் ஆகும் வரை கிளறிக்கொண்டே சூடாக்குங்கள். இறக்கி, 1 கிராம் பொட்டாசியம் அயோடைடு சேர்த்துக் கலக்கி ஆறவிடுங்கள். வடிதாளின் இருபுறமும் பிரஷ்ஷால் சீராகப் பூசி, இருட்டில் காயவைத்து, விரலகலத் துண்டாக்கி, மூடியுள்ள பாட்டிலில் வெளிச்சம் படாமல் வையுங்கள். பூசியபின் கை கழுவ வேண்டும்.

சோதிக்கும்போது துண்டை வடிநீரில் நனைத்து, நேர் வெயில் படாத இடத்தில் எட்டு மணி நேரம் தொங்கவிடுங்கள். ஓசோன் அயோடைடிலிருந்து அயோடினைப் பிரிக்கும், அயோடின் மாவோடு சேர்ந்து ஊதா நிறமாகும். எடுத்து மறுபடி நனைத்தால் நிறம் தெளிவாகத் தெரியும். வகுப்பறை, ஆபீஸ் பிரின்டர் பக்கம், மரத்தடி என்று ஒரே நாளில் வைத்து ஒப்பிடுங்கள். ஈரப்பதம் கூடிய நாளில் நிறம் கூடும் என்பதால் வேறு வேறு நாட்களை ஒப்பிட வேண்டாம். வாகனப் புகையின் நைட்ரஜன் டை ஆக்சைடும் நிறம் தரும், ஆகவே ரோட்டோரத்துக் காகிதத்தை நம்பாதீர்கள்.

இன்னும் எளிதான ஒன்று: புதிய ரப்பர் பேண்டை ஒரு கட்டையில் நன்றாக இழுத்து மாட்டி நிழலில் வையுங்கள். அதே போல் இன்னொன்றை மூடிய கண்ணாடி பாட்டிலுக்குள் வையுங்கள். சில நாளில், வெளியே உள்ளதில் இழுத்த திசைக்குக் குறுக்காக மயிரிழை விரிசல்கள் தெரிந்தால் அது ஓசோனின் வேலை. இழுக்காத ரப்பரில் இது தெரியாது.

கே: வாலாஜா பக்கம் கேன் வாட்டர் பிளான்டில் வேலை. ஓசோனேட்டர் வைத்த அறையில் நெடி தாங்கவில்லை. முதலாளி ‘அது நல்ல வாயுதான்’ என்கிறார்.

ப: தண்ணீருக்குள் இருக்கும் வரை அதற்கு வேலை உண்டு. அறைக்குள் வந்தால் அது கசிவு. கசியும் இடங்கள் பெரும்பாலும் மூன்று. சாதாரண ரப்பர் குழாயும் வாஷரும் வெடித்திருக்கும், டெஃப்லான் அல்லது எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) குழாயாக மாற்றுங்கள். கான்டாக்ட் டேங்க் (ஓசோனைத் தண்ணீரில் கலக்கும் தொட்டி) மேலே கரையாத வாயு வெளியேறும் குழாய் அறைக்குள்ளேயே விடப்பட்டிருக்கும், அதை ஓசோன் அழிப்பான் வழியாக வெளியே கூரைக்கு மேல் கொண்டுபோக வேண்டும். தண்ணீரைத் திரும்பி வரவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு பழுதானால் தண்ணீர் ஜெனரேட்டருக்குள் ஏறி அதைக் கெடுத்துவிடும். காற்றை உலர்த்தும் சிலிகா ஜெல் நீலத்திலிருந்து ரோஸ் ஆகிவிட்டால் மாற்றுங்கள். ஈரக்காற்று உள்ளே போனால் நைட்ரிக் அமிலம் உண்டாகி உலோகம் அரிக்கும்.

ஓசோன் காற்றைவிடக் கனம். எக்ஸாஸ்ட் ஃபேனைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் போடுங்கள், சுவிட்ச் கதவுக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே போகுமுன் ஃபேனைப் போட்டுப் பத்து நிமிடம் விடுங்கள். நெடி வந்தால் முதலில் ஓசோனேட்டரை வெளி மெயினில் அணைத்துவிட்டு, பிறகு கசிவைத் தேடுங்கள்.

யாராவது நிறைய இழுத்துவிட்டால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து உட்கார வையுங்கள், நடக்கவிடாதீர்கள். இருமல் அடங்கி நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், ஓசோன் என்று பெயர் சொல்லிச் சொல்லுங்கள். சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் ஆபத்து உண்டு. அன்று இரவு அவரைத் தனியாகப் படுக்க விட வேண்டாம்.